மலைச்சரிவில் காடு வெட்ட ஆள் தேடுகிறீர்களா? பினாங்கில் நிலம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அப்பா பினாங்குத் தீவின் பாலிக் பூலாவ் மேட்டில் இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான நிலத்தை விட்டுப் போனார். டுரியான், ஜாதிக்காய், ரம்புத்தான், ஓரமாக நாலைந்து கிராம்பு மரங்கள். அவர் போன பிறகு ஒன்பது வருடம் வீட்டில் யாரும் மேலே ஏறவில்லை. அப்புறம் ஒருநாள் அண்ணனும் நானும் போய் நின்றபோது, பாதை தொடங்கும் இடமே தெரியவில்லை. கொடி மூடிய பச்சைச் சுவர் ஒன்றுதான் எதிரில் இருந்தது.

அந்த நிலத்தைத் திரும்ப நடக்கும்படி ஆக்க எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒரு பெரிய தப்பும் செய்தோம். அதிலிருந்து கோயிலிலும் கல்யாண வீட்டிலும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதுகிறேன். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு ஒரே கதைதான்: அப்பாவோ தாத்தாவோ தோட்டத்தில் உழைத்த காசில் வாங்கிய மேட்டு நிலம், பிள்ளைகள் பட்டணத்தில், நிலம் காட்டில்.

நிலம் முழுக்கக் காடாகிவிட்டது. முதலில் யாரைக் கூப்பிடுவது?

மெசின்காரரைக் கூப்பிடாதீர்கள். முதலில் கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, எடுத்து மேசைமேல் வையுங்கள். நிலத்தின் வகை என்ன, நிபந்தனை என்ன, எல்லை வரைபடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அடுத்து, உரிமம் பெற்ற நில அளவையாளர்.

மலையில் கண்மதிப்பில் எல்லை சொல்ல முடியாது. "அந்தப் பெரிய பாறை வரைக்கும் நம்மது" என்று அப்பா காட்டிய பாறை, அளந்து பார்த்தபோது பக்கத்து நிலத்துக்குள் இருந்தது. எல்லைக் கல் மண்ணில் புதைந்து, மேலே வேர் ஓடியிருந்தது. அளவையாளர் வருவதற்கு முன் பாராங் கத்தி பிடிக்கத் தெரிந்த இரண்டு பேரை வைத்து எல்லை ஓரமாக ஒற்றையடிப் பாதை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். அவர் கல்லைக் கண்டுபிடித்துக் கொடி நட்டார். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அடுத்தவர் டுரியான் மரத்தை வெட்டிவிட்டால் அதைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டிவரும், உறவும் போகும்.

பழைய ஆட்கள் ரெலோங் என்ற பழைய நில அளவில் கணக்குச் சொல்வார்கள். ரெலோங் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஒப்பந்தம் எதுவானாலும் ஏக்கரில் எழுதுங்கள்.

என் சொந்த நிலம்தானே? எதற்கு அனுமதி?

இதுதான் எல்லாரும் கோபத்தோடு கேட்கிற கேள்வி. பினாங்கில் மலை நிலத்துக்குத் தனிக் கண்டிப்பு உண்டு. அது நியாயம்தான் என்று நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாவது, 1960-ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம். அரசிதழில் மலை நிலம் என்று அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால், நில அலுவலக அனுமதி இல்லாமல் அங்கே மரம் வெட்டக் கூடாது. மரம் மட்டுமில்லை. புதர், களை, புல் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வரும். "நான் புல்தானே வெட்டுகிறேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது. உங்கள் நிலம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மாவட்ட நில அலுவலகத்தில் கிராண்ட் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். தீவின் மேற்குப் பக்கத்து நிலங்களுக்குப் பாலிக் பூலாவிலேயே அலுவலகம் இருக்கிறது.

இரண்டாவது, 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவு. மண் வேலைக்கு உள்ளூர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. மண் தோண்டுவது, சமன் செய்வது, நிரப்புவது மட்டும் மண் வேலை என்று நாம் நினைக்கிறோம். அந்தப் பிரிவின் விளக்கத்தில் மரம் வெட்டுவதும் மண் வேலைதான். உள்ளூர் மன்றம் என்றால் தீவில் பினாங்கு மாநகர் மன்றம், பெருநிலத்தில் செபெராங் பெராய் மாநகர் மன்றம்.

மூன்றாவது, 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். மரப் பாதுகாப்பு ஆணை எதுவும் இல்லாத மரமாக இருந்தாலும், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால் அதை வெட்ட எழுத்துமூல அனுமதி தேவை. அதாவது அடிமரம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் இருந்தாலே அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். செத்த மரம், உடனே விழுந்து ஆபத்து தரக்கூடிய மரம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வெட்டும் முன் படம் எடுத்து வையுங்கள்.

இதோடு ஓர் எண்ணையும் மனத்தில் வையுங்கள். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டர், அதாவது 250 அடிக்கு மேலே இருக்கும் நிலத்தையும், 25 பாகைக்கு மேல் சரிந்த நிலத்தையும் மாநிலத் திட்டம் மேம்பாட்டுக்கு ஒதுக்கப்படாத மலை நிலமாகப் பார்க்கிறது. வீடு, கட்டடம் பற்றிய விதி அது. ஆனாலும் உங்கள் நிலம் அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்று தெரிந்துகொண்டு போனால், அதிகாரியோடு பேசுவது சுலபம். 2013-இல் புக்கிட் ரெலாவில் காடு போய் மண் தெரிந்தபோது மக்கள் அதற்கு மொட்டை மலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் இன்னும் போகவில்லை.

சரிவு எத்தனை பாகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சரியான அளவை அளவையாளர் சொல்வார். அதற்கு முன் நீங்களே பார்க்க ஒரு வழி: 10 அடி மூங்கில் கழி ஒன்றை எடுங்கள். ஒரு முனையை மேட்டு மண்ணில் வைத்து, மறுமுனையைச் சரிவுப் பக்கம் மட்டமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கழிமேல் படுக்க வைத்தால் மட்டம் தெரியும். தூக்கிப் பிடித்த முனையிலிருந்து நேர் கீழே தரைவரை அளந்து பாருங்கள். 4 அடி 8 அங்குலம் வந்தால் அது 25 பாகை. கூட வந்தால் அந்த இடத்தில் மெசின் எதையும் ஏற்ற நினைக்காதீர்கள்.

நாங்கள் ஆறு இடத்தில் அப்படி அளந்தோம். கீழ்ப்பகுதி இரண்டரை அடி, மூன்றடி. நடுவில் நாலடி. மேலே போகப் போக ஐந்தரை அடி வரை போனது. ஒரே நிலம், மூன்று விதமான வேலை.

எக்ஸ்கவேட்டர் வைத்தால் இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொண்டுவரலாமா?

எங்கள் தப்பு இதுதான்.

முதலில் வந்த காண்ட்ராக்டர் இனிக்க இனிக்கப் பேசினார். மற்றவர்கள் மூன்று வாரம் கேட்டார்கள், இவர் இரண்டு நாள் என்றார். அனுமதியெல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், நாங்களும் காகிதத்தைக் கேட்காமல் நம்பினோம். மெசின் மேலே ஏறப் பாதை வேண்டுமே. மலையின் ஒரு பக்கத்தைக் கரண்டியால் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் சரிவில் தள்ளிப் பரப்பி, எட்டடி அகலத்தில் பாதை போட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்பா இருந்திருந்தால் லோரியே ஏற்றியிருக்கலாம் என்று அண்ணன் சந்தோஷப்பட்டார்.

அது செப்டம்பர். அக்டோபர் நடுவில் ஒரு சாயங்காலம் மழை பிடித்து விடியும்வரை கொட்டியது. காலையில் கீழ் நிலத்துக்காரர் கூப்பிட்டார். எழுபது வயதுக்கு மேல் ஆன சீன அங்கிள், எங்கள் அப்பாவின் நண்பர். அவர் திட்டவே இல்லை. எங்களைக் கூட்டிப்போய் மூன்று டுரியான் மரங்களைக் காட்டினார். பாதை ஓரத்தில் தள்ளிய மண் முழுக்க இறங்கி வந்து அவற்றின் அடியை மூடியிருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து கையை மண்ணுக்குள் விட்டார். முழங்கை வரை போனது. "இங்கேதான் வேர் மூச்சு விடும்" என்றார். அன்றும் மறுநாளும் அண்ணனும் நானும் மண்வெட்டியும் கையுமாக அந்த மண்ணை எடுத்தோம். மெசினை இன்னொரு தடவை கொண்டுவர அவரும் சம்மதிக்கவில்லை, எங்களுக்கும் மனம் வரவில்லை. இரண்டு மரம் பிழைத்தன. ஒன்று அடுத்த வருடமே இலை மஞ்சளாகிக் காய்ந்துபோனது.

காரணம் மண்ணில் இருக்கிறது. பினாங்குத் தீவின் மலைகள் கருங்கல் மலைகள். மேலே இருப்பது அந்தக் கல் காலங்காலமாக உளுத்து உண்டான மண். கையில் எடுத்துத் தேய்த்தால் படிக மணல் நறநறவென்று இருக்கும். வேரும் சருகும் மூடியிருக்கும் வரை அது அசையாமல் கிடக்கும். மூடியை எடுத்துவிட்டால் மழை நேராக அதில் விழும், வெட்டி அள்ளிக் கொட்டிய மண்ணுக்கோ பிடிமானம் எதுவுமே கிடையாது.

ஆகவே என் பதில்: அடிவாரத்தில் ஓரளவு சமமான இடமாக இருந்து, ஒப்புதலும் இருந்தால் சிறிய மெசின் வரட்டும். சரிவில் வேண்டாம். இரண்டு நாளில் முடிகிற வேலை என்று யாராவது சொன்னால், அவர் மண்ணை எங்கே தள்ளப் போகிறார் என்று கேளுங்கள்.

அப்படியானால் சரிவில் எப்படித்தான் வெட்டுவது?

ஆள் வைத்து, கையால். முதுகில் மாட்டும் புல்வெட்டு மெசின், பாராங், தேவைப்பட்ட இடத்தில் செயின்சா. வேலை தெரிந்தவர்கள் பின்பற்றும் முறை ஒன்று உண்டு.

மேலிருந்து கீழாகக் கோடு போட்ட மாதிரி வெட்ட மாட்டார்கள். அது தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுப்பது போல. மலைக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், பட்டை பட்டையாக வெட்டுவார்கள். ஒரு பட்டை வெட்டினால் அடுத்த பட்டையை அப்படியே விடுவார்கள். வெட்டியதில் புல்லும் மூடுபயிரும் தலை தூக்கிய பிறகு, இரண்டு மூன்று மாதம் கழித்து வந்து விட்ட பட்டையை எடுப்பார்கள். இடைப்பட்ட காலத்தில் ஓடிவரும் மண்ணை அந்த வெட்டாத பட்டை பிடித்துக்கொள்ளும்.

உயரமும் முக்கியம். தரை தெரிய வழித்து எடுக்கச் சொல்லாதீர்கள். ஐந்தாறு அங்குலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம், மரக் கட்டையைத் தோண்டவும் வேண்டாம். "அடியோடு எடுத்துத் தருகிறேன்" என்பது சமதரைத் தோட்டத்தில் நல்ல வார்த்தை, மலையில் பயப்பட வேண்டிய வார்த்தை. வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்குள் சில வருடம் பிடித்துக்கொண்டிருக்கும், அப்புறம் மக்கும். அது மக்குவதற்குள் புது வேர் ஒன்று அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும். ஆகவே பெரிய மரம் எடுக்கும் இடத்தில் அதே மழைக்காலத்தில் ஏதாவது நடுங்கள்.

ரேசாம் என்கிற பெரணி வெட்டுச் சரிவுகளில் மெத்தை மாதிரி படர்ந்திருக்கும். பார்ப்பதற்குக் குப்பை மாதிரிதான். அதைத் தொடாதீர்கள். வேறு எதுவும் முளைக்காத மொட்டை மண்ணில் முதலில் வந்து மண்ணைப் பிடிப்பது அதுதான்.

மெசின் ஓட்டும்போது 15 மீட்டருக்குள் இன்னோர் ஆள் நிற்கக் கூடாது. சரிவில் தட்டும் கல் நேராகக் கீழே நிற்பவர் முகத்துக்குத்தான் போகும்.

மரத்தை எடுத்துக்கொண்டு, வேலையை இலவசமாகச் செய்து தருகிறேன் என்கிறார்களே?

வேண்டாம். தனியார் நிலத்திலிருந்து காட்டு மரத்தை வெளியே கொண்டுபோக வனத்துறையின் உரிமம் தேவை. அது இல்லாமல் லோரி ஏறினால் கேள்வி உங்களிடமும் வரும். தவிர, இலவசமாக வெட்டுபவர் நல்ல விலை போகும் மரத்தைத்தான் வெட்டுவார். கொடியும் முள்ளும் உங்களுக்கு மிச்சம்.

லாலாங் புல் மண்டிக் கிடக்கிறது. மருந்து அடித்துவிட்டால் என்ன?

லாலாங்கின் உயிர் மண்ணுக்குக் கீழே இருக்கிறது. வெள்ளையாக, நுனி ஊசி மாதிரி இருக்கும் தண்டு மண்ணுக்குள் ஓடும். மேலே எத்தனை தடவை வெட்டினாலும், கொளுத்தினாலும் திரும்ப வரும். கொளுத்திய இடத்தில் இன்னும் செழித்து வரும். அதற்கு ஒத்துவராதது நிழல். மூடுபயிர்க் கொடி விட்டு, நிழல் தரும் மரம் வைத்து, இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் அடங்கிவிடும். பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் இதற்காகவே மூக்குனா கொடி விடுகிறார்கள். அது படு வேகமாகப் படரும். பழமரம் இருந்தால் மாதம் ஒரு தடவை மரத்தைச் சுற்றிக் கொடியை விலக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் மேலேயே ஏறிவிடும்.

மருந்து பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் அத்தை தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் பம்பு, காலில் சாதாரணச் செருப்பு, முகத்தில் பழைய துணி. பம்பு ஒழுகி முதுகு நனையும். அவருடைய விரல் நகங்கள் கறுத்து, பிளந்து, சில விழுந்தே போயின. சின்ன வயதில் அவர் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டபோது அந்த விரல்களைப் பார்த்த ஞாபகம் எனக்கு அப்படியே இருக்கிறது. அவர்கள் அடித்த பராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002-இல் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். இன்றும் "பழைய சரக்குக் கொஞ்சம் இருக்கிறது, நன்றாகக் கேட்கும்" என்று யாராவது காதோடு சொன்னால், அந்த ஆளை உடனே அனுப்பிவிடுங்கள்.

அனுமதிக்கப்பட்ட மருந்தாகவே இருந்தாலும் சரிவில் பரவலாக அடிக்கச் சொல்ல மாட்டேன். புல் மொத்தமாகச் செத்து, மண் வெறுமையாகக் கிடக்கும் நேரத்தில் மழை வரும். கீழே ஓடை இருந்தால் மருந்தும் அதில்தான் சேரும். வெட்டிய கட்டை திரும்பத் துளிர்க்காமல் இருக்க, அதன் வாயில் மட்டும் தூரிகையால் தடவுவது வேறு. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெட்டியதைக் குவித்துக் கொளுத்தலாமா?

கூடாது. திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். கனத்த அபராதமும் 5 வருடம் வரை சிறையும் உண்டு. நிலம் யாருடையதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஆகவே காண்ட்ராக்டரின் ஆள் பற்றவைத்தாலும் மாட்டுவது நீங்கள். வெட்டிய கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே, கட்டைகளுக்கு முட்டுக்கொடுத்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். வரப்பு மாதிரி மண்ணைத் தடுக்கும், ஓரிரு வருடத்தில் மக்கிவிடும். ஓடையிலும் லோங்காங் என்கிற வடிகாலிலும் மட்டும் எதையும் தள்ள விடாதீர்கள். அடைத்துக்கொண்ட தண்ணீர் ஒருநாள் மொத்தமாக உடைத்துக்கொண்டு இறங்கும்.

எந்த மாதத்தில் வேலை வைப்பது?

பினாங்கில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வறட்சி. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கடும் மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் ஒரு சுற்று மழை உண்டு. அதனால் பெரிய வெட்டு ஜனவரியில். ஏப்ரல் மழைக்கு முன்னால் நட வேண்டியதைத் தயார் செய்துவிட்டு, மழை வந்ததும் நட்டுவிட்டால் அக்டோபருக்குள் வேர் பிடித்திருக்கும். பாலிக் பூலாவில் மே, ஜூன், ஜூலை டுரியான் காலம். மரத்தடியை அதற்குள் துப்புரவாக்கிவிட்டால் விழும் பழத்தையும் எடுக்கலாம்.

மழைக்கு முன் அவசரமாக முடித்துத் தருகிறேன் என்று செப்டம்பரில் யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தஞ்சோங் பூங்காவில் 11 தொழிலாளர்களைக் கொண்டுபோன மண்சரிவு 2017 அக்டோபர் 21-இல் நடந்தது. பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸில் 9 பேர் இறந்தது 2018 அக்டோபர் 19-இல். இரண்டும் கட்டுமான இடங்கள், நம்முடையது பழத்தோட்டம், ஒப்பிட முடியாதுதான். ஆனால் மழையும் மண்ணும் அதே மழையும் மண்ணும்தான். அந்த 2017 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் பெய்த பேய்மழையில் தீவே முங்கியது, நினைவிருக்கும்.

எவ்வளவு செலவாகும்?

ஏக்கருக்கு இத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று ஓர் எண்ணைச் சொன்னால் அது உங்களை ஏமாற்றுவதாகிவிடும். எங்கள் ஒரே நிலத்துக்கு வந்த மூன்று விலைகளில், அதிகமானது குறைந்ததைவிட மூன்று மடங்கு. எதனால் விலை ஏறுகிறது என்று தெரிந்தால் பேரம் பேசலாம்: சரிவு, லோரி நிற்கும் இடத்திலிருந்து நிலம் எத்தனை தூரம், எண்ணெயும் சாமானும் ஆள் தூக்கிப் போக வேண்டுமா, பெரிய மரம் எத்தனை, மின்கம்பி பக்கத்தில் போகிறதா.

நேரில் ஏறிப் பார்க்காமல் தொலைபேசியிலேயே விலை சொல்பவரை எடுக்காதீர்கள். நாள் கூலியாக இல்லாமல், பட்டைக் கணக்கில் பேசுங்கள். ஒரு பட்டை முடிந்ததும் பார்த்து, அதற்கான காசைக் கொடுங்கள். முன்பணம் எண்ணெய்க்கும் போக்குவரத்துக்கும் போதுமான அளவுக்கு மேல் வேண்டாம். முதல் வெட்டுக்கு மட்டும் பட்ஜெட் போட்டுவிட்டு, அடுத்த இரண்டு வருடப் பராமரிப்புக்குக் காசு வைக்காதவர்கள்தான் திரும்பவும் காட்டில் நிற்கிறார்கள்.

நல்ல ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காகிதத்தில் பார்க்க வேண்டியவை: நிறுவனப் பதிவு, தொழிலாளர்களுக்குப் பெர்க்கேசோ என்கிற சமூகப் பாதுகாப்புப் பதிவு, விபத்துக் காப்பீடு, வெளிநாட்டு ஆட்களென்றால் அவர்களுடைய பெர்மிட். பெர்மிட் இல்லாதவர்கள் உங்கள் நிலத்தில் பிடிபட்டால் சட்டம் நில உரிமையாளரையும் இழுக்கும். வீட்டுக்கோ மின்கம்பிக்கோ மேல் சாய்ந்திருக்கும் பெரிய மரத்துக்குப் புல் வெட்டுபவர் போதாது. பயிற்சி பெற்ற மர வல்லுநர் வேண்டும். கம்பி பக்கத்தில் என்றால் மின் நிறுவனமான தெனாகா நேஷனலுக்குத் தெரிவிக்காமல் கை வைக்க விடாதீர்கள்.

காகிதத்தைவிட எனக்கு உதவியது, அவர்களோடு நிலத்தில் நடந்ததுதான். இரண்டாவதாக நாங்கள் பிடித்த ஆள், தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து ஓய்வு பெற்றவர். மேலே ஏறியதும் மரத்தைப் பார்க்கவில்லை. ஒரு குச்சியால் சருகை விலக்கி, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடிய தடம் இருக்கிறது என்று பார்த்தார். "மழை பெய்யும்போது யாராவது இங்கே வந்து நின்றிருக்கிறீர்களா?" என்று கேட்டார். யாரும் நின்றதில்லை. "அப்போ ஒரு மழை பார்த்துவிட்டு விலை சொல்கிறேன் அம்மா" என்றார். சொன்னபடியே மழையில் வந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொன்னார். அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டோம்.

எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு பக்கம் போதும், ஆனால் வாய்ப்பேச்சு போதாது. எல்லை வரைபடத்தின் நகல், எந்தப் பட்டை எப்போது, எத்தனை அங்குலம் விட்டு வெட்டுவது, எந்த மரங்களைத் தொடக் கூடாது, வெட்டியதை எங்கே அடுக்குவது, கொளுத்தவும் மருந்தடிக்கவும் கூடாது, அண்டை நிலத்துக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு, அனுமதிகளை யார் எடுப்பது. அனுமதியை அவரே எடுப்பதாகச் சொன்னால், அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். வைத்திருக்க வேண்டிய மரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசி, நீங்களே எண்ணி, படம் எடுத்து வையுங்கள். புதர் மூடிய ஜாதிக்காய் மரம் வெட்டுபவர் கண்ணுக்குக் காட்டுச் செடிதான்.

பாம்பு, குளவி இருக்குமா?

இருக்கும். பாம்பைவிட எனக்குக் குளவி பயம். மலாய்க்காரர்கள் தெபுவான் என்பார்கள். பழுப்புக் காகிதம் சுற்றியது போல் கூடு மரத்திலோ புதருக்குள்ளோ இருக்கும், மெசின் சத்தம் கேட்டாலே கிளம்பும். கொத்தினால் உயிர் போகும் அளவுக்குப் போகலாம். வெட்டுவதற்கு முதல்நாள் ஒரு சுற்று நடந்து பாருங்கள். கூடு இருந்தால் பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள். மலைப்பாம்பு, கருநாகம் கண்டாலும் அவர்களே வந்து பிடித்துப் போவார்கள், அடித்துக் கொல்ல வேண்டாம். தேவாங்கு, எறும்புதின்னி போன்றவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அவை இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. லாலாங்கிலும் புதரிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சுகள் கடித்து உண்ணிக் காய்ச்சல் வரும். வேலை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சலும், உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கும் இருந்தால், புதருக்குள் வேலை செய்தேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டெங்கி என்றே நினைப்பார்கள். மருந்து உண்டு, சீக்கிரம் கேட்கும். எலிக்காய்ச்சலுக்கும் இதே மாதிரி எச்சரிக்கை வேண்டும். முழங்கால் வரை பூட்ஸ், முழுக்கைச் சட்டை, காலில் காயத்தோடு சேற்றில் இறங்கக் கூடாது.

நான் கோலாலம்பூரில் இருக்கிறேன். அடிக்கடி வர முடியாது. எப்படிச் செய்வது?

அண்ணனும் ஷா ஆலமில்தான் இருக்கிறார். நிலத்தில் ஐந்து இடத்தில் மரத்துக்கு எண் எழுதினோம். ஒவ்வொரு பட்டை முடிந்ததும் அதே ஐந்து இடத்திலிருந்து வாட்சாப்பில் படம். பலத்த மழைக்கு மறுநாள் இன்னும் ஐந்து படம். தண்ணீர் கலங்கி ஓடுகிறதா என்று அதிலேயே தெரியும். முதல் நாளும் பெரிய மரம் வெட்டும் நாளும் மட்டும் கட்டாயம் நேரில் இருங்கள். கீழ் நிலத்துக்காரரை வேலைக்கு முன்பே போய்ப் பார்த்து, விஷயத்தைச் சொல்லி, உங்கள் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். உங்கள் நிலத்தின் குறை அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஒரு தடவை வெட்டினால் போதுமா?

போதாது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மரங்கள் நிழல் கட்டிய பிறகு குறையும். முதலில் வெட்டியவரையே பராமரிப்புக்கும் பேசி வையுங்கள், நிலம் அவருக்குப் பழகியிருக்கும். பாதை ஓரத்திலும் மண் தெரியும் இடத்திலும் வெட்டிவேர் நடுங்கள். மலைக்குக் குறுக்கே, நெருக்கமாக, ஒரே வரிசையாக. அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும், இரண்டு மூன்று மீட்டர் ஆழம்கூடப் போகும். நாங்கள் அந்தப் பாழாய்ப்போன எட்டடிப் பாதையின் ஓரம் முழுக்க அதைத்தான் வைத்தோம். அடுத்த அக்டோபரில் மண் இறங்கவில்லை.

நிலம் முழுவதையும் வெட்டியே ஆக வேண்டுமா?

இல்லை. அநேகமாக உங்களுக்குத் தேவை பழமரங்களுக்குப் போக ஒரு நடைபாதை, மரத்தடியில் சுற்றி வர இடம், எல்லை ஓரத்தில் ஆள் நடக்கும் அகலம். அவ்வளவுதான். எங்கள் நிலத்தில் மேலே ஐந்தரை அடி காட்டிய பகுதியும் ஓடையின் இரு கரையும் இன்றும் காடுதான். கொடி படர்ந்த அந்த மேட்டை வெட்டலாமா என்று அண்ணன் கேட்டபோது மண்டோர் வேண்டாம் என்றார். எல்லைக் கொடி நடும் அன்றே, விடப் போகிற இடங்களை மஞ்சள் கயிறு கட்டி ஒதுக்கிவிடுங்கள். வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளையும் கூட்டிப்போய் அந்தக் கயிற்றைக் காட்டுங்கள். காண்ட்ராக்டரிடம் மட்டும் சொன்னால், மூன்றாம் நாள் புதிதாக வருகிற பையனுக்கு அது தெரியாது.